22 கிராம் ஜிமிக்கியைக் கரைசேர்ப்பது எப்படி?

முதலில் ஒரு தங்கை வேண்டும். இந்தத் தொழிலுக்கு அதுதான் மூலதனம். என் தங்கை சிதம்பரத்தில், அண்ணாமலைநகர் பக்கம் இருக்கிறாள். களிமண்ணை உருட்டி ஜிமிக்கி, தோடு, ஆரம் என்று செய்து, உமியும் வரட்டியும் போட்டுச் சுட்டு, வண்ணம் தீட்டி, படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிறேன். ‘சும்மாதானே இருக்கே, பார்சல் மட்டும் நீ பாத்துக்கோண்ணே’ என்றாள். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

பட்ட அனுபவம் வீணாகக் கூடாது என்பதால், இணையத்தில் சின்னச் சாமான் விற்கிறவர்களுக்காக இந்தக் கையேடு. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழியில் அனுப்பினாலும் பேச்சு வாங்கப்போவது நீங்கள்தான். யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். வேகமான வழியில் அனுப்பினால் ‘ஜிமிக்கி 120, ஷிப்பிங் 70ஆ?’ என்று வாடிக்கையாளர் கேட்பார். மலிவான வழியில் அனுப்பினால் ‘இன்னும் வரலியே சார்’ என்று அவரே கேட்பார். ‘ஷிப்பிங் ஃப்ரீ’ என்று போட்டால் தங்கை கேட்பாள். இந்த மூன்றில் எது உங்கள் காதுக்குத் தாங்குமோ அதுவே சிறந்த முறை.

முதல் படி: எடை

ஒரு சமையலறைத் தராசு வாங்கவும். மனைவியின் தராசையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டாம் படிக்குப் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை.

ஒரு ஜோடி ஜிமிக்கி 22 கிராம். மனதுக்கு இதமான எண். அதன்மேல் பபிள் ராப், சின்ன அட்டைப்பெட்டி, பிரவுன் டேப், முகவரிச் சீட்டு எல்லாம் சேர்ந்து 26. ஆக 48. கட்டண அட்டவணையில் 50 கிராம் என்பது வயல் வரப்பு மாதிரி. அதற்கு இந்தப் பக்கமே நிற்கிறோம் என்று மகிழும் நேரத்தில், தங்கை அனுப்பிய மூட்டையின் அடியில் இன்னொரு பை இருக்கும். அதில் கையால் எழுதிய ‘நன்றி சிஸ்டர்’ அட்டை, ஒரு இலவச மூக்குத்தி, நான்கு காய்ந்த ரோஜா இதழ். 9 கிராம்.

‘இதெல்லாம் எதுக்கும்மா?’

‘அது இருந்தாத்தான் பிரிக்கிறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வைப்பாங்கண்ணே.’

57. வரப்பைத் தாண்டியாயிற்று. ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தராசு அசையவே இல்லை. அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துப் பார்த்திருக்கிறேன். ‘நன்றி’யில் ‘றி’ போய்விட்டது. டேப்பைப் பாதி அகலத்துக்குக் கிழித்து ஒட்டியதில் மட்டும் ஒரு கிராம் தேறியது.

பெட்டி பெரிதாக இருந்தால் பொருள் உடையாது என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. அதை நம்பிவிடாதீர்கள். பார்சல்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். எது அதிகமோ அதற்குக் காசு. 30, 20, 10 என்று ஒரு செருப்புப் பெட்டியில் ஜிமிக்கியை வைத்தால் அது 1 கிலோ 200 கிராம். உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்து நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள். காற்றை வடோதராவுக்கு அனுப்பிய முதல் கடலூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் படி: உள்ளே இருப்பது என்ன என்று முடிவுசெய்தல்

இது தத்துவக் கேள்வி. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்டுக்குப் புதிய கட்டணம் வந்தது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய். வெளியூர் என்றால் பக்கத்து நெய்வேலியும் 47, காஷ்மீரும் 47. அதற்கு மேல் 250 கிராம் வரை 200 கிலோமீட்டருக்குள் 59, 2000 கிலோமீட்டரைத் தாண்டினால் 77. எல்லாவற்றுக்கும் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 47க்கும் 59க்கும் நடுவே உள்ள 12 ரூபாய்க்காகத்தான் ‘நன்றி’ அட்டையைக் கத்தரித்தேன் என்பதைக் கவனிக்கவும்.

கத்தரித்த பிறகுதான் அட்டவணையின் தலைப்பைப் படித்தேன். ‘ஆவணங்களுக்கு’ என்று இருந்தது.

கவுண்டரில் கேட்டார்கள்: ‘உள்ள என்ன சார்?’

‘மண்ணு’ என்றேன். பொய் சொல்லவில்லை.

‘மண்ணுன்னா பார்சல் சார். மண்ணோட பத்திரம்னாத்தான் டாக்குமென்ட்.’

இதைவிடத் தெளிவாக எந்தச் சுற்றறிக்கையும் எழுதியதில்லை. பொருளுக்குப் பார்சல் கணக்கு, பார்சலுக்கு வேறு அட்டவணை. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று காகிதக் கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் ஷிப்பிங் வாங்கிவிடாதீர்கள். ‘சாதாரண கவரில் போட்டால் 20 கிராம் வரை 5 ரூபாய்தானே’ என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கடிதம் என்றால் அதன்மேல் முத்திரை குத்தியாக வேண்டும். சுட்ட மண் ஜிமிக்கிமேல் முத்திரை விழும் சத்தத்தை ஒருமுறை மனதில் கேட்டுப் பாருங்கள்.

தூரத்துக்குத் தகுந்த விலை என்பது எங்கள் ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது எல்லை அளக்க அவன் நாடா பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து திசைக்கு ஒன்றாகச் சுட்டான். குண்டு விழுந்த தூரம்வரை இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயரே அப்படி வந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. ‘உள்ளூர்’ என்றால் எதுவரை என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதிலை நான் கேட்டதில்லை. இப்போதைய 200 கிலோமீட்டர் வட்டத்தைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஜிமிக்கிக்கு ஆகாது.

மூன்றாம் படி: காலமானவர்களை விசாரித்தல்

என் வயதுக்காரர்கள் கவுண்டருக்குப் போனதும் ‘ரெஜிஸ்டர் பண்ணுங்க’ என்பார்கள். ரெஜிஸ்டர் தபால் என்று தனியாக இப்போது இல்லை. 2025இல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் அந்தப் பழைய பந்தோபஸ்து, உரியவர் கையில் மட்டும் கொடுக்கும் ஏற்பாடு, கிடைக்கும். இன்னொரு 5 ரூபாய்க்கு ஓடிபி சொன்னால்தான் கொடுப்பார்கள். பழைய ரெஜிஸ்டர் தபாலுக்கு இருந்த மரியாதை மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. அது வந்தால் வீட்டில் ஒரு கணம் எல்லோரும் அமைதியாவோம். வேலைக்கு ஆர்டரா, வக்கீல் நோட்டீஸா என்று தெரியாது. ஜிமிக்கியை ரெஜிஸ்டரில் அனுப்பியிருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போடவே யோசித்திருப்பார்கள்.

வி.பி.பி. பற்றி இளைஞர்களுக்குத் தெரியாது. 1877இலேயே இந்தியத் தபாலில் வந்துவிட்ட ஏற்பாடு: பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார், நாம் பணத்தை அவர் கையில் கொடுத்தால்தான் பிரிக்கலாம், பணம் மணியார்டராக விற்றவருக்குப் போகும். கேஷ் ஆன் டெலிவரியைக் கண்டுபிடித்ததாக மார்தட்டும் கம்பெனிகளுக்கு இது கொள்ளுத்தாத்தா. பழைய வாரப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் கைக்கடிகாரம், டார்ச் லைட், வசிய மை, ஹிப்னாட்டிசப் புத்தகம் எல்லாம் இதில்தான் விற்றன. என் மாமா ஒருவர் அப்படி ஒரு கடிகாரம் வரவழைத்தார். அது ஓடியது. ஆனால் கீழே வைத்தால் நின்றுவிடும் என்பதால் அதை அவர் சாகும்வரை கையில் இருந்து கழற்றவில்லை.

வாங்குபவருக்கு இது ஆனந்தம். விற்பவருக்கு அப்படியில்லை. பார்சல் போய்ச் சேர்ந்த அன்று அந்த வீட்டில் 120 ரூபாய் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நள்ளிரவில் ஜிமிக்கி கேட்ட மனசு நான்கு நாள் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். ‘வீட்ல யாரும் இல்ல சார், திருப்பி அனுப்பிடுங்க’ என்று உள்ளே டி.வி. சத்தத்தோடு ஒரு குரல் சொல்லும். போன செலவும் வந்த செலவும் உங்களுடையது. ஆகவே ஜிபே வந்த பிறகு பெட்டியை ஒட்டவும். கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு ஒட்டவும். ‘அனுப்பிட்டேன் சிஸ்’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட் ஒரு ஓவியம்.

புத்தகம் விற்பவர்கள் இந்த இடத்தில் எழுந்து போகலாம். அவர்களுக்கு எப்போதும் நல்ல காலம். பாடநூல், படிக்கிற நூல்களுக்கென்று 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ போனாலும் 100, அதன்மேல் வரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் மாவட்டம் புத்தகத்தைக் கட்டி ஊரூராய் அனுப்பிப் பழகிய மாவட்டம். என் மச்சினர் அதில் எம்.ஏ. சேர்ந்தார், பாடக்கட்டு வந்தது, பிரிக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. புத்தகத்தை நடுவில் குடைந்து ஜிமிக்கியை வைத்து அனுப்பலாமே என்று தங்கையின் பையன் சொன்னான். அந்தப் பையன் நன்றாக வருவான், ஆனால் அதைச் செய்யாதீர்கள்.

நான்காம் படி: முகவரி

எத்தனை கிராம், எவ்வளவு ரூபாய் என்று மண்டையை உடைப்பவர்கள் முகவரியில் கோட்டைவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் எழுதிய ஸ்பெல்லிங்கைப் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். பழைய பெயர் கூடலூர் என்பார்கள். நீலகிரியில் ஒரு கூடலூர், தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர். கடலோரத்து வாடிக்கையாளரின் ஜிமிக்கி ஒருமுறை மலையேறி, குளிரில் ஒரு வாரம் இருந்துவிட்டு இறங்கியது. தவறு என்னுடையது. பின்கோடில் ஒரு எண்ணை விட்டிருந்தேன்.

பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அஞ்சல்துறை அதிகாரி யோசித்துச் செய்தது. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும் நாட்டுக்காகவே அதைச் செய்தார். கடலூர் 607இல் தொடங்கும், சிதம்பரம் 608இல் தொடங்கும், நீலகிரிக் கூடலூர் 643, தேனிக் கூடலூர் 625. ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதினாலும் எண் சரியாக இருந்தால் பார்சல் பிழைத்துக்கொள்ளும். எண் தப்பு, பெயர் சரி என்றால் ஊட்டிக்குப் போகிற வழியில் தேடலாம்.

சிதம்பரத்து முகவரியில் வேறு வம்பு. கோயிலைச் சுற்றிக் கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி. நம் கோயில் ஊர்கள் பலவற்றிலும் இதே நான்கு. வாடிக்கையாளர் ‘கீழ வீதி, கோயில் பக்கத்தில்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கோயில், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவும். சிலர் வாட்சப்பில் லொகேஷன் அனுப்பிவிட்டு ‘அட்ரஸ் குடுத்துட்டேனே’ என்பார்கள். அதைப் பெட்டியின்மேல் எப்படி ஒட்டுவது? 2025இல் டிஜிபின் என்று ஒன்று வந்திருக்கிறது. நாட்டையே ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம். கோலம் போடுகிற ஊருக்குக் கட்டம் புரியும். ஆனால் இப்போதைக்கு என் அனுபவத்தில் அதைவிடத் துல்லியமானது, ‘போஸ்ட்மேனுக்குத் தெரியும்’ என்று வாடிக்கையாளர் எழுதும் வரி.

ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனி வரி. எங்கள் கடற்கரை மழையை நேரில் வாங்குகிற கடற்கரை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே முதலில் பிளாஸ்டிக் பை, பிறகு அட்டை, மறுபடி பிளாஸ்டிக். முகவரியை இங்க் பேனாவில் எழுதாதீர்கள். மேகம் கறுத்தால் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டு மொட்டைமாடியில் காயும் ஜிமிக்கிகளை எடுத்து உள்ளே வைக்கவும். அதுவும் ஒரு வகை லாஜிஸ்டிக்ஸ்தான்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் பெருமைப்படுங்கள், அனுப்பாதீர்கள். நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா நான்கு ஜோடி கேட்டார். 800 டாலருக்குக் குறைந்த சரக்குக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா எடுத்துவிட, 2025 ஆகஸ்டு 25 முதல் நம் அஞ்சல்துறை அந்த நாட்டுக்குப் பெரும்பாலான தபாலை நிறுத்தியது. அக்டோபர் 15இல்தான் திரும்பத் தொடங்கியது. நடுவில் நவராத்திரி வந்து போய்விட்டது. அந்த அம்மா கொலுவுக்குக் கேட்டிருந்தார்.

ஐந்தாம் படி: பஸ்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குச் சரக்கு எப்படி வருகிறது என்று சொல்லவில்லையே. ரசீது இல்லாத, கட்டண அட்டவணை இல்லாத, டிராக்கிங் இல்லாத, ஒருநாளும் தவறாத முறை அது. தங்கை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, தெரிந்த தனியார் பஸ்ஸின் கண்டக்டரிடம் மூட்டையைக் கொடுப்பாள். எனக்குப் போன் வரும்: ‘அண்ணே, பச்சைக் கட்டப்பை. டிரைவர் பின்னாடி வச்சிருக்கார்.’ 45 கிலோமீட்டர் போல. நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, பை கைக்கு வந்ததும் கண்டக்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். ‘ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல சார்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பொறுப்பில்லை என்று சொல்கிற அவர் கையில் இதுவரை ஒன்றும் உடைந்ததில்லை.

இங்கிருந்து எல்லோருக்கும் பஸ்ஸிலேயே அனுப்ப முடிந்தால் இந்தக் கையேட்டுக்கே அவசியம் இருந்திருக்காது.

ஆறாம் படி: டிராக்கிங்

எண்ணைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் அதைத் தானே பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். அவர் பார்ப்பார், பார்த்ததைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி ‘என்ன சார் இது?’ என்பார்.

சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து ஒரு மேடம் ஆர்டர் போட்டார். தங்கை சிதம்பரத்தில் செய்தது, பஸ்ஸில் கடலூருக்கு வந்து, நான் கட்டி, ஒரு கூரியரில் மறுபடி சிதம்பரத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு எனக்கு இதில் எந்த அபத்தமும் தெரியவில்லை. அலுவலக வாழ்க்கை அப்படிப் பழக்கியிருந்தது. பெட்டி கடலூரில் ஏறி விழுப்புரம் போனது. அங்கிருந்து சென்னை. சென்னையில் இரண்டு நாள் ஓய்வு. பிறகு விழுப்புரம், கடலூர். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் ஊரைக் கடந்துதான் போயிருக்கிறது.

மேடம் தினமும் கேட்டார். தினமும் ‘நாளைக்கு வந்துடும்’ என்றேன். சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கிய நந்தனாரின் ஞாபகம் வந்தது. அவரைத் தடுத்து நிறுத்தியது என்ன என்று நமக்குத் தெரியும். அதைப் போய் ஒரு பெட்டியோடு சேர்த்துப் பேசுவது பாவம். ‘நாளை’ என்ற அந்தச் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன். சிதம்பர ரகசியம் என்று இதைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். அங்கே திரையை விலக்கினால் பொன் வில்வமாலையாவது தெரியும்.

ஏழாம் நாள் பெட்டி போய்ச் சேர்ந்தது. ஜிமிக்கி உடையவில்லை. என் பேக்கிங்கைப் பற்றி மேடமே இரண்டு வரி புகழ்ந்து எழுதினார்.

ஏழாம் படி

அதே மேடம் போன மாதம் இன்னொரு ஜோடி கேட்டார். ஜிமிக்கி 120, ஷிப்பிங் 70, பணமும் போட்டுவிட்டார். நான் பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

‘வேணாண்ணே. இங்கதானே இருக்காங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுறேன்.’

இத்தனை நாள் தராசும் டேப்பும் பீரங்கியும் என்று அலைந்தவனுக்குத் தோன்றாத முறை. சரி என்றேன். ஆட்டோவில் போனாள். ஜிமிக்கியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

மேடம் கதவைத் திறந்து, காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, ‘நீங்கதான் செய்றவங்களா? நல்லா இருக்கும்மா’ என்றாராம். காபி கொடுத்தாராம். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். கிளம்பும்போது கேட்டாராம்:

‘ஏம்மா, கூரியர்ல வரலியே, அப்ப ஷிப்பிங்குக்கு வாங்குன 70 ரூபா?’

வாசலில் நின்றபடியே ஜிபேயில் திருப்பி அனுப்பினாள். ஆட்டோவுக்குப் போக வர 160.

ராத்திரி இன்ஸ்டாகிராமில் மேடத்தின் மதிப்புரை வந்திருந்தது. ஜிமிக்கி அருமை, டெலிவரி மிக வேகம் என்று எழுதி, நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். ஐந்தாவது ஏன் இல்லை என்பதையும் சொல்லியிருந்தார்: இந்தத் தடவை பேக்கிங் சரியில்லை.